ஊரைப் படிப்போம் – சுசீந்திரத்தின் கட்டடங்களும் தெருக்களும்

(நமது சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். – மலர்க்குழு)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இந்த வருசம் நீங்கதான் பேசணும், இருபது நிமிசம்" என்றார். "எதைப் பத்திவே பேச?" என்றேன். "எதையாவது பேசுங்க, சாப்பாட்டுக்கு முன்னால முடிச்சா போதும்" என்றார். ஆகவே, சாப்பாட்டுக்கு முன்னால் முடிப்பேன் என்ற உறுதிமொழியோடு தொடங்குகிறேன்.

நான் இந்தக் கல்லூரியில் எழுபதுகளில் படித்தது கணிதம். வரலாற்றுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. பள்ளியில் அக்பர் மரம் நட்டதும் அசோகர் மரம் நட்டதும் எனக்குக் குழம்பிப் போகும். அப்படிப்பட்ட ஆள் இன்றைக்கு ஒரு ஊரின் வரலாற்றைப் பேச வந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஊருக்குப் போவோம்.

கோட்டாறிலிருந்து கன்னியாகுமரி பஸ் ஏறினால், பழையாற்றைத் தாண்டும்போது எதிரே கோபுரம் தெரியும். அதுதான் சுசீந்திரம். நாகர்கோவிலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். நம்மில் பலபேர் தினமும் அந்த வழியாகவே கல்லூரிக்கு வந்தோம். பஸ்ஸில் இருந்தபடியே ஒரு கும்பிடு போடுவோம், அவ்வளவுதான். இறங்கி நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கோபுரம் சொல்லும் கணக்கு

சுசீந்திரம் கோபுரம் ஏழு நிலை, 134 அடி உயரம். கீழே கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். உள் மாடங்களில் சுவரோவியங்கள் உண்டு. விஜயநகரத்துத் தளபதி விட்டலராயன் தெற்கே படையெடுத்து வந்த காலத்தில், 1545 வாக்கில் இதற்கு அடி போட்டார்கள். முடித்தது எப்போது தெரியுமா? 1888-ல்! மூலம் திருநாள் மகாராஜா ஆட்சிக்கு வந்து மூன்று வருடம் கழித்து. கணக்கு வாத்தியாருக்குப் படித்தவன் என்பதால் சொல்கிறேன், 343 வருடம். தெரு ஓடை ஒன்றைத் தோண்டிப் போட்டுவிட்டு இரண்டு வருடம் மூடாமல் இருந்தால் நாம் மனு எழுதுகிறோம். பதினோரு தலைமுறை அந்த ஊர்க்காரர்கள் முடியாத கோபுரத்தின் கீழே தேர் இழுத்திருக்கிறார்கள்.

ஆனால் கோபுரம்தான் ஊரின் மூத்த கட்டடம் என்று நினைத்துவிடக் கூடாது. கோயிலுக்குள் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதாவது பத்தாம் நூற்றாண்டு. அதற்குப் பிறகு பாண்டியர், வேணாட்டரசர், விஜயநகரத்தார், திருவிதாங்கூர் மன்னர் என்று வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு மண்டபம், ஆளுக்கொரு பிராகாரம் சேர்த்திருக்கிறார்கள். செண்பகராமன் மண்டபம், குலசேகர மண்டபம், இசைத்தூண்கள் நிற்கும் அலங்கார மண்டபம் என்று நடந்துகொண்டே போனால், ஒரு பழைய குடும்பத்தில் தாத்தா கட்டின அறை, அப்பா இறக்கின சாய்ப்பு, மகன் போட்ட மாடி என்று பார்ப்போமே, அப்படி இருக்கும்.

தாணு என்றால் சிவன், மால் என்றால் திருமால், அயன் என்றால் பிரம்மன். மூன்றும் சேர்ந்து தாணுமாலயன். சைவமும் வைணவமும் சண்டை போட்ட நாட்டில் இப்படி ஒரு சாமி. தமிழ்நாட்டுக் கோபுரம், கேரளத்துத் தாந்திரீக பூஜை. நாஞ்சில் நாட்டுக்காரன் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருப்பது போல நம் கோயிலிலும் இரண்டும் கலந்துதான் கிடக்கிறது. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆனாலும் இன்றைக்கும் நவராத்திரிக்குச் சுசீந்திரத்து முன்னுதித்தநங்கை அம்மன், வேளிமலைக் குமாரசுவாமியோடும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியோடும் திருவனந்தபுரத்துக்குப் போய்வருகிறாள். மாநில எல்லைக்கோடு அவளைத் தடுப்பதில்லை.

கதையும் கணக்கும்

ஊர் வரலாறு என்றால் கதைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். அதை ஒதுக்கவும் கூடாது, அப்படியே விழுங்கவும் கூடாது. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

கோயிலில் 18 அடி ஆஞ்சநேயர் நிற்கிறார். வெண்ணெயும் வடைமாலையுமாக எப்போதும் கூட்டம். இந்தச் சிலையை 1740-ல் திப்பு சுல்தானுக்குப் பயந்து மண்ணில் புதைத்தார்கள், 1930-ல் தோண்டி எடுத்து நிறுத்தினார்கள் என்று பலரும் சொல்வார்கள், அச்சடித்தும் விற்பார்கள். சிலை புதைந்து கிடந்திருக்கலாம். ஆனால் 1740-ல் திப்பு சுல்தான் பிறக்கவே இல்லையே! அவர் பிறந்தது அதற்குச் சுமார் பத்து வருடம் கழித்து. அவர் திருவிதாங்கூர் மீது படையெடுத்தது 1789-ன் கடைசியில். அதுவும் வடக்கே நெடுங்கோட்டையைத் தாண்டி ஆலுவாய்ப் பக்கம் வந்ததோடு சரி. நம் சுசீந்திரம் எங்கே, ஆலுவாய் எங்கே! இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்க வரலாற்றில் பட்டம் வேண்டாம். நூறு வருடமாக யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் விசயம்.

போட்டுப் பார்த்தவர்களும் நம் மண்ணில் இருந்திருக்கிறார்கள். ஆளூரில் பிறந்த டாக்டர் கே.கே. பிள்ளை, சுசீந்திரம் கோயில் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் எழுதினார். 1953-ல் கலாக்ஷேத்திரா வெளியீடாக வந்தது. கல்வெட்டு, நிலம், வரவு செலவு, யோகக்காரர்களின் அதிகாரம், திருவிழா, சிற்பம் என்று ஒன்றையும் விடவில்லை. பக்கத்துத் தேரூரில் பிறந்த கவிமணி, குழந்தைப் பாட்டு எழுதியவர் என்றுதான் நமக்குத் தெரியும். அவரும் கல்வெட்டு தேடி வெயிலில் அலைந்தவர்தான்.

இங்கே மாணவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நம் பக்கத்துக் கல்வெட்டு, ஓலை, பழைய பத்திரம் எல்லாம் கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணியில் வருடம் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை உள்ள தேதி என்றால் 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி வரை என்றால் 825 கூட்டுங்கள். ஆங்கில வருடம் வந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டாலே உங்கள் ஊரில் பாதிக் கல் பேச ஆரம்பித்துவிடும்.

சீமையில் என்ன செய்கிறார்கள்?

என் மகள் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு கல் சர்ச், ஒரு பழைய பள்ளிக்கூடம், ஓடைமேல் ஒரு சின்னப் பாலம், முப்பது நாற்பது வீடுகள். நம் ஊர் பூதப்பாண்டியில் கால்வாசி இருக்காது. கோபுரம் கிடையாது, இசைத்தூண் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரலாறு எழுதிவைத்திருக்கிறார்கள். 1947-ல் போட்ட சட்டப்படி பழைய கட்டடங்களுக்குப் பட்டியல் எடுத்து, தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள வீட்டுக்காரர் அனுமதி வாங்காமல் பழைய ஜன்னலைக்கூடக் கழற்ற முடியாது. அந்த நாட்டில் மாவட்டம் மாவட்டமாக, ஊர் ஊராக வரலாறு எழுதும் வேலையை 1899-ல் தொடங்கினார்கள். இன்னும் முடியவில்லை, எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு சுசீந்திரம் கோபுரம் உண்டு போலிருக்கிறது!

இதையெல்லாம்விட ஒன்று என்னை நிறுத்திவிட்டது. 1538-ல் அந்த நாட்டு அரசு ஒரு உத்தரவு போட்டது. ஒவ்வொரு ஊர் சர்ச்சிலும் ஒரு புத்தகம் வைக்க வேண்டும், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுத வேண்டும் என்று. நம் கோபுரத்துக்கு அடி போடுவதற்கு ஏழு வருடம் முன்னால். நானூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் செத்துப்போன மாட்டுக்காரன் பெயர் அதில் இருக்கிறது, பண்ணையில் கூலி வேலை செய்த பெண்ணின் பெயரும் இருக்கிறது. அங்கே மட்டும் எல்லாரும் சமம் என்று நினைக்க வேண்டாம். சர்ச்சுக்குள்ளேயே காசு கொடுத்தவனுக்கு முன்வரிசை, ஏழைக்குப் பின்வரிசை என்று இருந்த நாடுதான் அது. ஆனால் பின்வரிசைக்காரன் பெயரும் புத்தகத்தில் ஏறியது.

நம் கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறது? நிலம் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. விளக்கெரிக்க ஆடு மாடு கொடுத்தவர் பெயர் இருக்கிறது. ராஜா பெயர் பட்டப் பெயர்களோடு இருக்கிறது. கல் சுமந்தவன் பெயர் எங்கே? 343 வருடம் சுண்ணாம்பு இடித்தவர்கள் பெயர் எங்கே? 

நான்கு தெருக்கள்

இப்போது கோயிலை விட்டு வெளியே வருவோம். சுசீந்திரத்தின் வரலாற்றுச் சின்னம் எது என்று என்னைக் கேட்டால், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களைத்தான் சொல்வேன்.

சுசி என்றால் சுத்தம். இந்திரன் கொதிக்கும் நெய்யில் முழுகிச் சுத்தமான ஊர் என்று தலபுராணம் சொல்கிறது. அந்தக் கதையை வைத்தே இங்கே கைமுக்கு என்று ஒரு வழக்கமும் இருந்தது. ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரியை மலையாளக் கரையிலிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்து, கொதிக்கிற நெய்யில் கையை விடச் சொல்வார்கள். பிறகு கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். புண் இல்லையென்றால் நிரபராதி. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இந்தக் கொடுமை நிறுத்தப்பட்டது.

ஆனால் இன்னொரு 'சுத்தம்' மேலும் நூறு வருடத்துக்கு நீடித்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதியார் நடக்கக்கூடாது. கோயிலுக்குள் போவதைச் சொல்லவில்லை. தெருவில் நடப்பதைச் சொல்கிறேன்.

வைக்கம் போராட்டம் 1924, 25-ல் நடந்தது எல்லாருக்கும் தெரியும், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதில் கலந்துகொண்ட நாகர்கோவில் டாக்டர் எம்.இ. நாயுடு ஊருக்குத் திரும்பி, 1926-ல் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கினார் என்பது நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. அது நின்று, மறுபடி 1930-ல் நடந்தது. கேட்டது ஒன்றே ஒன்றுதான், தெருவில் நடக்கும் உரிமை. ஆஞ்சநேயர் எழுந்து நின்றதாகச் சொல்லும் அதே 1930.

காந்தியடிகளுக்கே இந்தப் பக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1925 மார்ச்சில் கன்னியாகுமரி வந்தபோது, கடல் கடந்து சீமைக்குப் போய்வந்தவர் என்பதால் அம்மன் சன்னதிக்குள் அவரை விடவில்லை. பிராகாரத்தோடு திரும்பினார். 1936 நவம்பர் 12-ல், கொல்லம் 1112 ஐப்பசி 27-ல், சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். திருவிதாங்கூரில் அரசின் கையிலிருந்த கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. தெருவும் திறந்தது.

எங்கள் தாத்தாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எங்கள் ஊர் சுசீந்திரத்துக்கு வயல் வழியாக ஒரு மைல். வரப்பில் நின்றால் கோபுரம் முழுசாகத் தெரியும். மார்கழித் தேர் அன்றைக்குத் தாத்தாவும் அவர் அப்பாவும் அந்த வரப்பில் நின்றுதான் கும்பிட்டிருக்கிறார்கள். தேர் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நான் சின்னப் பையனாக இருக்கும்போது தாத்தா என்னைத் தேர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார். தெருமுனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். "தாத்தா, எல்லாரும் போட்டுக்கிட்டுதான போறாவ?" என்று கேட்டேன். "எலே மக்கா, காலு அறியாண்டாமா, இது எந்தத் தெருவுன்னு?" என்றார்.

அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. 134 அடியை அண்ணாந்து பார்க்கிறோம். அந்த நாலு தெருவின் நீளத்தை நம் காலால் அளந்து பார்க்கிறோமா?

நான் எரித்த வரலாறு

நண்பர்களே, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன்.

எங்கள் பழைய வீடு ஓட்டு வீடு. முன்னால் படிப்புரை, உள்ளே மரப்பலகை மச்சு, நெல் போடப் பத்தயம், பின்னால் அடுக்களை, தொழுவம். சில வருடங்களுக்கு முன்னால் அதை இடித்து மாடி வீடு கட்டினோம். ஒழுகுகிறது, எலி, கரையான், பிள்ளைகள் ஊருக்கு வந்தால் தங்க வசதியில்லை. எல்லாம் உண்மையான காரணங்கள்தான், யாரையும் குறை சொல்லவில்லை. பலா மரக் கதவும் நிலையும் மர வியாபாரிக்குப் போயிற்று. மச்சில் ஒரு பெட்டி நிறைய ஓலைக்கட்டுகள் இருந்தன. ஒற்றியோ, விலையாதாரமோ, யார் கல்யாணத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கோ, யாருக்குத் தெரியும்? எனக்குப் படிக்கத் தெரியாது. வேலையாட்கள், "அண்ணாச்சி, இத என்ன செய்ய?" என்று கேட்டார்கள். "வெந்நி போடப் பயன்படும், அங்க போடுங்கடே" என்றேன். மூன்று நாள் வெந்நீர் காய்ந்தது.

அதன் பிறகுதான் மகளைப் பார்க்கச் சீமைக்குப் போனேன். அந்தச் சர்ச்சில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த பெயர்ப் புத்தகத்தின் முன்னால் நின்றபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கோயில் கல்லில் எங்கள் ஆட்கள் பெயர் இல்லை, அது அடுத்தவன் செய்த காரியம். எங்கள் ஆட்கள் பெயர் இருந்த ஒரே இடம் அந்த ஓலைப்பெட்டி. அதை எரித்தது பட்டம் வாங்கின நான். தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியும். அவருடைய அப்பா பெயர் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது, "போனது போவுது, வேற எதையாவது உருப்படியாச் செய்யுங்க" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து நோட்டும் பென்சிலுமாக ஊர் சுற்றுகிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

உங்களிடம் கேட்பது

நம் மாவட்டத்தில் சுசீந்திரம் மட்டுமா? மயிலாடியில் 1809-ல் ரிங்கல்தௌபே கட்டிய ஆலயத்தின் கதை இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகச் சிற்பம் கொத்துகிறவர்களின் பட்டறைகள் இருக்கின்றன. உதயகிரிக் கோட்டைக்குள், 1741 குளச்சல் போரில் பிடிபட்டு நம் படைக்கே தளபதியான டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை, லத்தீனும் தமிழும் பொறித்து நிற்கிறது. தக்கலையில் பீர்முகமது அப்பா தர்கா, பத்மநாபபுரத்தில் அரண்மனை, சிதறால் மலையில் சமணர் சிற்பம். இவற்றுக்காவது காவல் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சாவடிக்கும், கல்மடத்துக்கும், சுமைதாங்கிக்கும், பழைய பள்ளிக்கூடத்துக்கும் யார் காவல்? ரோடு அகலப்படுத்தும்போது சுமைதாங்கிக் கல் எங்கே போகிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில் நூறு வருடம் தாண்டிய கட்டடம் எதுவானாலும், படம் எடுங்கள், நீளம் அகலம் அளந்து எழுதுங்கள். எழுத்து இருந்தால் தெரிந்தவரை வைத்துப் படியுங்கள். ஊரில் மூத்த மனுசியை, கவனியுங்கள், மனுசியை, உட்காரவைத்துக் கேளுங்கள். யார் கட்டினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். யார் கல் சுமந்தார்கள், யார் எந்த வழியாக நடக்கக்கூடாது என்று இருந்தது, அதையும் கேளுங்கள். சொல்லச் சங்கடப்படுவார்கள். எழுதினால் ஊருக்கு மானக்கேடு என்பார்கள். மறைத்தால்தான் மானக்கேடு என்று மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் ஓலை இருந்தால் தயவுசெய்து அடுப்பில் வைக்காதீர்கள். மென்மையான துணியால் தூசி தட்டி, காய்ந்த இடத்தில் வையுங்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் வருடாவருடம் கூடுகிறோம், பிரியாணி சாப்பிடுகிறோம், குரூப் போட்டோ எடுக்கிறோம். நல்ல காரியம்தான். அதோடு, பிள்ளைகள் எழுதிவரும் நோட்டுகளில் நல்லதாக நான்கைந்தை இந்த மலரிலேயே அச்சிடுவோம். கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரி அதற்கென்று ஒதுக்கித் தரக் கேட்போம். அலமாரிச் செலவு என்னுடையது. செயலாளர் குறித்துக்கொள்ள வேண்டும்!

அடுத்த முறை கன்னியாகுமரிக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து கும்பிடுவதோடு நிறுத்தாதீர்கள். சுசீந்திரத்தில் இறங்குங்கள். கோபுரத்தைப் பாருங்கள், இசைத்தூணைப் பாருங்கள். அதைத் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்பதில்லை, நிறையப் பேர் தட்டியாகிவிட்டது. தெப்பக்குளத்துப் படியில் கொஞ்ச நேரம் இருங்கள். அப்புறம் நான்கு தெருவையும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். முடிந்தால் எங்கள் தாத்தா மாதிரி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டேன்.